பாணனோட அம்மா பேரு என்ன?

ரெண்டு வாரமா ஆபீசுல ஆணி ஜாஸ்தி. ரிலீஸ் ரிலீஸ்னு டேமேஜர் உயிரை வாங்கிட்டார். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. (யாரும் தேடலைன்னு தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.) போன சனிக்கிழமை ஒருவழியா பொட்டி தட்டி முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தா தூக்கம் வரல. சரின்னு 'தி லெஜெண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா'வை மறுபடியும் முதல் எபிசோடுல இருந்து ஓட விட்டேன். விடியற வரைக்கும் பாத்துட்டு, இந்தப் பதிவை எழுத உக்காந்துட்டேன்.

"இந்த வயசுல கார்ட்டூனா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது கார்ட்டூன்தான், ஆனா குழந்தைங்களுக்கு இல்ல. ரத்தம் தெறிக்கும், கெட்ட வார்த்தை கொட்டும், சில சீன்ல வீட்டுப் பெரியவங்க ஹாலுக்கு வந்தா ரிமோட்டைத் தேடி அலையணும். ஹெட்போனோட தனியா பாக்கறது உத்தமம்.

கதைன்னு பாத்தா ரொம்ப சிம்பிள். மந்திரம், டிராகன், அரண்மனை எல்லாம் இருக்கற ஒரு உலகத்துல, காசு இல்லாம சுத்தற ஏழு பேர் கொண்ட கூலிப்படை. அவங்க எப்படி ஊரைக் காப்பாத்தற ஆளுங்களா மாறுறாங்கங்கறதுதான் தொடர். இந்த மாதிரி ஆயிரம் கதை வந்தாச்சு. அப்புறம் எதுக்கு இந்தப் பதிவுன்னா, இந்தத் தொடர்ல வர்ற நகைச்சுவை எங்க இருந்து வருதுன்னு ஒரு கருத்து எனக்கு ரொம்ப நாளா இருக்கு. அதை இங்க இறக்கி வைக்கலைன்னா மண்டை வெடிச்சிடும்.

முதல்ல தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கதை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (இனிமே டி அண்ட் டி) 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்த விளையாட்டு. ஒரு மேஜையைச் சுத்தி நண்பர்கள் உக்காருவாங்க. ஒருத்தர் கதை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். "முன்னாடி ஒரு குகை இருக்கு, உள்ள குறட்டை சத்தம் கேக்குது, என்ன பண்றீங்க?"ன்னு மாஸ்டர் கேப்பார். நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம். ஆனா அது நடக்குமா இல்லையான்னு 20 பக்கம் இருக்கற ஒரு பகடை சொல்லும். 20 விழுந்தா அன்னைக்கு நீங்கதான் ராஜா. 1 விழுந்தா பெரும்பாலான மேஜைகள்ல அது சொதப்பல்தான்.

2012ல குரல் நடிகர் லியம் ஓ'பிரையன் பிறந்த நாளுக்காக, மாத்யூ மெர்சர்ங்கற இன்னொரு குரல் நடிகர் மாஸ்டரா இருக்க, நண்பர்கள் எல்லாம் சேந்து ஒரு ஆட்டம் ஆடினாங்க. ஒரே நாள் ஆட்டமா ஆரம்பிச்சது வருஷக் கணக்குல போச்சு. 2015 மார்ச்ல அதை அப்படியே இணையத்துல நேரலையா விட ஆரம்பிச்சாங்க. அதுதான் 'கிரிட்டிக்கல் ரோல்'. அந்த முதல் கதை 2017 அக்டோபர் வரைக்கும் 115 எபிசோடு ஓடிச்சு. ஒவ்வொண்ணும் சினிமாவை விட நீளம். ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்து பேசிட்டு இருக்கறதை யாரு சாமி பாப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? 2019 மார்ச்ல, "22 நிமிஷத்துக்கு ஒரு கார்ட்டூன் பண்ணணும், ஏழரை லட்சம் டாலர் வேணும்"னு கிக்ஸ்டார்ட்டர்ல கேட்டாங்க. ஒரு மணி நேரத்துல அந்தத் தொகை வந்துடுச்சு. கடைசியில சேர்ந்தது 1 கோடியே 13 லட்சம் டாலருக்கு மேல. கொடுத்தவங்க 88 ஆயிரத்துக்கும் அதிகமான பேர். அப்புறம் அமேசான் உள்ள வந்து 2022 ஜனவரியில முதல் சீசன், 2023ல ரெண்டாவது, 2024ல மூணாவது, சீசனுக்கு 12 எபிசோடு. மேஜையில ஆடினவங்களே கார்ட்டூன்லயும் அவங்கவங்க பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கறாங்க.

முன்கதை ஓவர். இப்ப விஷயத்துக்கு வரேன்.

டி அண்ட் டி ஆடின யாரைக் கேட்டாலும் அவங்க சொல்ற முதல் கதை ஜெயிச்ச கதையா இருக்காது. சொதப்பின கதையாத்தான் இருக்கும். இதுக்குக் கணக்கு ரீதியாவே காரணம் இருக்கு. பகடையில 1 விழ வாய்ப்பு 5 சதவீதம். அஞ்சு பேர் ஆளுக்கு ஒரு தடவை உருட்டினா யாராவது ஒருத்தருக்காவது 1 விழ வாய்ப்பு கிட்டத்தட்ட 23 சதவீதம். (இஞ்சினியரிங் படிச்சது வீண் போகல பாருங்க.) அதாவது நாலு ரவுண்டு போனா ஏறக்குறைய ஒரு ரவுண்டுல யாராவது ஒருத்தர் வாளை உருவும்போது தன் கால்லயே போட்டுக்குவார். அதை யாரும் எழுதி வைக்கல, யாரும் எதிர்பார்க்கல. உலகத்தைக் காப்பாத்தப் போறேன்னு பில்டப் கொடுத்து எழுந்தவன் வாசப்படி தடுக்கி விழறான். மேஜையே வெடிச்சு சிரிக்கும்.

அந்த நேரலை ஆட்டத்துல கீலெத்னு ஒரு பாத்திரம். விலங்கா உருமாறத் தெரிஞ்சவ. ஆடறவங்க மரிஷா ரே. ஒரு பெரிய மலை உச்சியில இருந்து கடல்ல குதிக்கிறா. தண்ணியில விழறதுக்குள்ள மீனா மாறிடலாம்னு திட்டம். அதுவும் என்ன மீன், தங்க மீன்! கீழ பாறை இருந்ததை அம்மணி கணக்குல எடுத்துக்கல. மாஸ்டர் பகடைகளை அள்ளி உருட்டினார். கீலெத் காலி. அப்புறம் எழுப்பிட்டாங்கன்னு வைங்க. அந்தக் கதையிலயே ரொம்ப சக்தி வாய்ந்த ஆள் தங்க மீனா போய் பாறையில மோதி செத்தாங்கறதை, எந்த எழுத்தாளனும் ரூம் போட்டு யோசிச்சாலும் எழுதியிருக்க மாட்டான்.

இங்கதான் கார்ட்டூனுக்கு சிக்கல். கார்ட்டூன்ல பகடை கிடையாது. யார் தோக்கணும், எங்க தோக்கணும்னு எழுத்தாளர்கள் முன்னாடியே முடிவு பண்றாங்க. அப்ப மேஜையில இருந்த சிரிப்பை எப்படிக் கொண்டு வர்றது? இதுக்கு முன்னாடி முயற்சி பண்ணினவங்க என்ன பண்ணினாங்கன்னு ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு, 1983ல இருந்து 1985 வரைக்கும் அமெரிக்காவுல சி.பி.எஸ். டிவியில வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கார்ட்டூன். மொத்தம் 27 எபிசோடு. ஆறு பசங்க ஒரு ராட்டினத்துல ஏறி மந்திர உலகத்துல மாட்டிக்கறாங்க. அதுல எரிக்னு ஒரு பையன் எப்பவும் புலம்பிட்டே இருப்பான், நக்கல் அடிப்பான், கடைசியில அசிங்கப்படுவான். அந்தத் தொடரோட ஆரம்ப வடிவத்துல வேலை பாத்த மார்க் எவானியர் பின்னாடி இதைப் பத்தி எழுதியிருக்கார். குழந்தைகளுக்கு நல்லது சொல்லணும்னு வெளியில இருந்து வந்த நெருக்கடியாலதான் எரிக் பாத்திரமே வந்ததாம். கூட்டம் சொல்றதுதான் சரி, முணுமுணுக்கறவன் எப்பவும் தப்புங்கறது பாடம். அவருக்கே அது பிடிக்கலைன்னும் சொல்றார். யோசிச்சுப் பாருங்க, அந்தக் கூட்டத்துல வாயைத் திறந்து ஜோக் அடிக்கறவன் தப்பானவன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுக் கதை எழுதியிருக்காங்க. (பிரெஸ்டோன்னு இன்னொரு பையன் தொப்பிக்குள்ள கை விட்டா ஒண்ணு நினைச்சா ஒண்ணு வரும். பகடைக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது அந்தத் தொப்பிதான்.)

ரெண்டாவது, ஜப்பான். 1986ல 'கம்ப்டிக்'ங்கற பத்திரிகையில ஒரு டி அண்ட் டி ஆட்டத்தை, பேசின பேச்சை அப்படியே எழுத்தாக்கித் தொடரா போட்டாங்க. ர்யோ மிசுனோதான் மாஸ்டர். அதுல வர்ற டீட்லிட்ங்கற எல்ஃப் பெண்ணை ஆடினது ஹிரோஷி யமமோட்டோன்னு ஒரு ஆண் எழுத்தாளர். இதுவே நல்ல காமெடி இல்லையா? அந்த ஆட்டத்துல இருந்து நாவல் வந்துச்சு, 1990ல 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்'னு 13 எபிசோடு அனிமே வந்துச்சு. படம் கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு அழகு. ஆனா முகத்துல சிரிப்பே கிடையாது. மேஜையில இருந்த அரட்டை, கிண்டல், சோப்ளாங்கித்தனம் எல்லாத்தையும் வடிகட்டிட்டு, காவியத்தை மட்டும் கிளாஸ்ல ஊத்திக் கொடுத்துட்டாங்க.

நம்ம பழைய படங்கள்ல காமெடி டிராக்னு தனியா ஒண்ணு ஓடும். கவுண்டமணி செந்தில் சீனை மட்டும் வெட்டி எடுத்து டிவியில போட்டாலும் கதைக்கு சேதாரம் இருக்காது. வாக்ஸ் மாக்கினாவுல அப்படி வெட்ட முடியாது. என்னோட கட்சி இதுதான்: இந்தத் தொடர்ல சிரிப்புங்கறது கதைக்கு நடுவுல வர்ற இடைவேளை இல்ல. அந்த ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் போகாம இருக்கறதுக்கு அவங்க பேசற பாஷையே அதுதான்.

முதல் எபிசோடு ஆரம்பத்தையே எடுத்துக்கங்க. கம்பீரமா ஒரு வீரர் குழு வருது. இவங்கதான் ஹீரோ போலன்னு நாம நிமிர்ந்து உக்காரும்போதே மொத்தப் பேரும் குளோஸ். அடுத்த சீன், சாராயக் கடையில அடிதடி. நம்ம ஆளுங்க அங்கதான் இருக்காங்க. அப்புறம் டிராகன்கிட்ட முதல் தடவை போய் செம உதை வாங்கிட்டு ஓடி வர்றாங்க. பணத்துக்காக வந்தவங்க, ஒரு கிராமமே அழிஞ்சு கிடக்கறதைப் பாத்த பிறகுதான் திரும்பப் போகலாம்னு முடிவு எடுக்கறாங்க. தோத்து, அசிங்கப்பட்டு, அதுக்கே ஒருத்தரை ஒருத்தர் ஓட்டிக்கிட்டு, மறுபடியும் எழுந்து போறது. அது அப்படியே மேஜைதான்.

அப்புறம் அந்தக் கதவு. டி அண்ட் டி ஆடினவங்களுக்குத் தெரியும், டிராகனைக் கூட கொன்னுடலாம், பூட்டின கதவு ஒண்ணு வந்தா ஆட்டம் அரை மணி நேரம் நின்னுடும். கிரிட்டிக்கல் ரோல்லயும் கதவுங்கறது பழைய வில்லன். கார்ட்டூன்லயும் சீரியஸான ஒரு கட்டத்துல கதவு முன்னாடி மொத்தக் கும்பலும் நின்னு திணறும். கதைக்கு அந்தக் கதவு தேவையே இல்ல. ஆனா அந்த சீனை வெட்டியிருந்தா இவங்க நண்பர்கள்ங்கறதை நான் பாதிதான் நம்பியிருப்பேன்.

குறையும் சொல்லணும்ல. முதல் ரெண்டு எபிசோடுல வர்ற ஆபாச ஜோக் பாதிக்கு மேல மொக்கை. "பாத்தியா, நாங்க பெரியவங்க கார்ட்டூன்"னு காட்டறதுக்காகவே திணிச்ச மாதிரி இருக்கு. காலேஜ் ஹாஸ்டல்ல முதல் வருஷப் பசங்க பேசற தரம். இதைப் பாத்துட்டு ஓடிப் போன ரெண்டு நண்பர்கள் எனக்கு இருக்காங்க. அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். மூணாவது எபிசோடு விருந்து சீன் வரைக்கும் பொறுத்துக்கங்கன்னுதான் கேட்டுக்குவேன்.

இப்ப ஸ்கேன்லான். இந்தப் பதிவே இவனுக்காகத்தான்.

ஸ்கேன்லான் குள்ளமான ஒரு பாணன். பாட்டுதான் அவன் ஆயுதம். ஆடறவர் சாம் ரீகல். கும்பல்லயே பெரிய கோமாளி இவன்தான். பெண் பித்து, வாய்க்கொழுப்பு, எல்லா இக்கட்டுலயும் ஒரு ஜோக். முதல் சீசன்ல எதிரிகளைத் திசை திருப்ப இவனைத் தன்னந்தனியா அனுப்புவாங்க. போற வழியெல்லாம் பயந்து நடுங்கிட்டே போவான். ஆனா போவான். பாத்தா சிரிப்பு வரும். ரெண்டாவது தடவை பாக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது, அவன் பயந்ததை யாருமே சீரியஸா எடுத்துக்கலைன்னு. ரெண்டாவது சீசன்ல அவனுக்கு ஒரு மக இருக்கறது தெரிய வருது. அவன் சிரிப்புக்குப் பின்னாடி எவ்வளவு காலி இடம் இருக்குன்னு அப்பதான் நமக்கே தெரியும்.

நேரலை ஆட்டத்துல இது உச்சத்துக்குப் போன நாள் ஒண்ணு இருக்கு. 2017ல வந்த 85வது எபிசோடு. ஸ்கேன்லான் செத்துப் போய், திரும்ப உயிர் வந்து எழுந்திருக்கான். நண்பர்கள் வழக்கம் போல அவனைக் கலாய்க்கறாங்க. அன்னைக்கு அவன் சிரிக்கல. இத்தனை வருஷமா கூட இருக்கீங்களே, என் அம்மா பேர் என்னன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமான்னு கேக்கறான். யாருக்கும் தெரியல. கும்பலை விட்டுப் போயிடறான். மேஜையில உக்காந்திருந்த அத்தனை நடிகர்கள் முகத்துலயும் ஈயாடல. ஏன்னா அது பாத்திரங்களுக்கு மட்டும் விழுந்த அடி இல்ல. நிஜமாவே இத்தனை வருஷ ஆட்டத்துல யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்ல.

இதைப் பாத்துட்டு நான் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். காரணம் இருக்கு.

2020 லாக்டவுன் அப்ப எங்க பிராஜக்ட் பசங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல டி அண்ட் டி ஆடுவோம். நான்தான் மாஸ்டர். எங்கள்ல ஒருத்தன் பாணன். அவன் இருந்தா போதும், நேரம் போறதே தெரியாது. காவலுக்கு நின்ன பூதத்துக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கறேன்னு கிளம்பி, பகடையில 1 விழுந்து, அந்தப் பூதம் அழுது ஊரையே கூட்டின கதையை இன்னைக்கும் சொல்லிச் சிரிப்போம். ஆனா அவன்கிட்ட ஒரு பழக்கம், அடிக்கடி மைக்கை ம்யூட்ல போட்டுட்டுக் காணாம போயிடுவான். பத்து நிமிஷம் கழிச்சு வந்து "சாரி மச்சி, கொசு"ம்பான். நாங்க அவனுக்கு 'ம்யூட் மன்னன்'னு பட்டமே கொடுத்துட்டோம். அவனும் அந்தப் பேரைத் தன் பாத்திரத்துக்கே வெச்சுக்கிட்டான்.

நாலு மாசம் கழிச்சு ஒரு லீவ் மெயில்ல இருந்துதான் விஷயம் தெரிஞ்சுது. அவங்க அப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட். அவன் ஆடினது எல்லாம் டயாலிசிஸ் சென்டர் வராண்டா பெஞ்சுல உக்காந்து, போன்ல. நர்ஸ் கூப்பிடறப்பதான் ம்யூட்.

போன் பண்ணி, "டேய், ஏண்டா சொல்லல?"ன்னு கத்தினேன். "சொன்னா நீங்க எல்லாம் சிரிக்கறதை நிறுத்திடுவீங்கடா. அந்த மூணு மணி நேரம்தான் எனக்கு வாரத்துலயே நல்லா போவும்"னான். எனக்கு பதில் பேச வரல.

அந்த ஆட்டத்துக்காக நான் ஒரு எக்செல் ஷீட் வெச்சிருந்தேன். கதையில வர்ற ஒவ்வொரு சத்திரக்காரன், கொல்லன், படகோட்டிக்கும் பேர், ஊர், குடும்பம், பயம், ஆசைன்னு 60, 70 வரி. படகோட்டியோட அம்மா பேர் கூட அதுல இருந்துச்சு. பக்கத்து சீட்டுல மூணு வருஷம் உக்காந்தவனோட அப்பா பேர் எனக்குத் தெரியாது.

அதனால ஸ்கேன்லான் சீனைப் பாத்து, ஜோக் அடிக்கறவன் எல்லாம் உள்ள அழறான்னு நான் முடிவுக்கு வரல. அது சினிமா டயலாக். எங்க பாணன் சிரிச்சது நிஜம், அவனுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டதும் நிஜம். 1983 கார்ட்டூன் மாதிரி நக்கல் அடிக்கறவன் தப்புன்னு சொன்னாலும் பொய், லோடாஸ் மாதிரி சிரிப்பைத் துடைச்சு எடுத்தாலும் பொய். வாக்ஸ் மாக்கினா அதை வெச்சுக்கிட்டே, சிரிக்கற இடத்துல கேக்க மறந்த கேள்வி என்னன்னு அந்தக் கும்பலையே கேக்குது. மேஜையில உக்காந்து நிஜமா வருஷக் கணக்குல ஆடினவங்களாலதான் இதைப் பண்ண முடியும்னு நினைக்கிறேன்.

எங்க ஆட்டம் இப்ப மாசத்துக்கு ஒரு தடவைதான். ரெண்டு பேர் வேற கம்பெனி, ஒருத்தன் வேற நாடு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பகடையைத் தொடறது இல்லன்னு ஒரு விதி வெச்சிருக்கோம். வீட்டுல எப்படின்னு கேட்டுட்டுத்தான் குகைக்குள்ள போவோம். பாணனோட அப்பா சில சமயம் பின்னாடி வந்து எட்டிப் பாத்து, "என்னடா, இன்னும் அந்த டிராகனை அடிக்கலையா?"ன்னு கேப்பார். இன்னும் அடிக்கல அங்கிள். ஒரு கதவு திறக்க மாட்டேங்குது.

டிஸ்கி 1: நண்பன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதினேன். "என்னை ஹீரோ மாதிரி எழுதுடா"ன்னான். முடிஞ்ச வரைக்கும் அமுக்கிட்டேன் :)

டிஸ்கி 2: பின்னூட்டத்துல கும்மி அடிக்கறவங்க அடிங்க. ஆனா உங்க கும்பல்ல யாரு பாணன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அப்படியே அவருக்கு ஒரு போனும் போட்டுடுங்க.